அருட்சகோதரி சிரில் மூனி: ஏழைச் சிறுமியர்க்குத் திறந்த கதவு

யூபிலி ஆண்டில் கோயில் எழுந்த கதையோடு பள்ளி எழுந்த கதையையும் நாம் பேசி மகிழ்கிறோம். அப்பள்ளிகளில் உழைத்த கன்னியர் பலரின் பெயர்கள் ஏடுகளில் ஏறுவதில்லை. அவர்களை நன்றியோடு நினைக்கும் இவ்வேளையில், கொல்கத்தாவில் பணியாற்றிய ஒரு சகோதரியின் வரலாற்றைப் பங்கு மக்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

அருட்சகோதரி சிரில் மூனி 1936-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அயர்லாந்திலுள்ள பிரே என்னும் கடலோர ஊரில் பிறந்தார். லொரேட்டோ சபையில் சேர்ந்து, 1956-இல் இந்தியா வந்தார். அன்னை தெரேசா தம் துறவு வாழ்வைத் தொடங்கியதும் இச்சபையில்தான். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற சிரில், 1979-இல் சியால்டாவிலுள்ள லொரேட்டோ பகற்பள்ளியின் தலைமையாசிரியை ஆனார்.

சியால்டா, பெரியதோர் இரயில் நிலையம் உள்ள இடம். அதன் நடைமேடைகளிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் வீடற்ற பிள்ளைகள் உறங்கினர். பள்ளியிலோ அப்போது மாணவியர் ஏறத்தாழ 790 பேர். அவர்களுள் ஏழைகள் 90 பேரே. நற்பெயர் பெற்ற பள்ளி. அப்படியே நடத்தியிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? சகோதரிக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டுதோறும் ஏழைச் சிறுமியரைக் கூடுதலாகச் சேர்த்தார். 1998 அளவில் 1400 பேரில் பாதிப்பேர் கட்டணமின்றிப் பயின்றனர். வசதியுள்ள வீட்டுப் பெண்ணும் சேரிப் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர்.

1985-இல் 'வானவில்' திட்டம் தொடங்கியது. தெருவில் வாழும் சிறுமி பள்ளிக்குள் வரலாம். மொட்டை மாடியில் அவளுக்குப் பாடம் நடக்கும். கற்பித்தவர் யார்? ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியரே! தங்கள் பாடவேளையிலேயே, ஒருத்திக்கு ஒருத்தியாக அமர்ந்து கற்பித்தனர். இரவில் தங்கவும் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தேறியவர்கள் வழக்கமான வகுப்புகளுக்குச் சென்றனர்.

பெருநாட்களில் சோறும் துணியும் நாமும் கொடுக்கிறோம், அது நல்லதே. ஆனால் நம் பிள்ளையின் பக்கத்தில் அந்தப் பிள்ளையை உட்கார வைக்க நம்மில் எத்தனை பேர் துணிவோம்? சிரில் துணிந்தது அதற்குத்தான்.

நகரத்தோடும் அவர் நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் மாணவியர் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று கற்பித்தனர். சேரிகளிலும் சிற்றூர்களிலும் பாடம் சொல்ல இளைஞர்களுக்கு எளிய ஆசிரியப் பயிற்சியும் அளித்தார்.

1994-இல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவு விருதும், 2007-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2011-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2023 ஜூன் 25-ஆம் நாள், தாம் உழைத்த கொல்கத்தாவிலேயே இறைவனில் துயில் கொண்டார்.