குவளையில் தெரிய வேண்டிய அளவு: மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளும் சட்டமுறை முத்திரையும்

உரிமம் பெற்ற மதுக்கூடங்களில் ஊற்றப்படும் மதுவின் அளவுக்குச் சட்டம் காவலாக நிற்கிறது. ஆனால் அந்தக் காவல் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் கைக்கு வரும் குவளையிலேயே அளவுக்கோடும் முத்திரையும் இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் மது இரு வழிகளில் விற்கப்படுகிறது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை ஏற்ற டாஸ்மாக், மூடி திறக்காத சீசாவையே விற்கிறது. குவார்ட்டர் என்றால் 180 மி.லி.; அளவு லேபிளில் அச்சாகியிருக்கும். கோவளம், மாமல்லபுரம் பக்கத்து நட்சத்திர விடுதிகளின் எஃப்.எல்.3 உரிமம் பெற்ற மதுக்கூடங்களிலோ மது பெக் கணக்கில் ஊற்றித் தரப்படுகிறது. சீசா திறந்தபின் லேபிளில் உள்ள எண் வாங்குபவருக்கு உதவாது. 30 மி.லி. என்று பில்லில் இருப்பதை அவர் நம்பித்தான் ஆக வேண்டும்.

2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வணிகத்தில் பயன்படும் அளவைகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். கொள்ளளவைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமுத்திரை தேவை. தமிழ்நாட்டில் இப்பணி தொழிலாளர் துறையிடம் உள்ளது. ஆனால் முத்திரை ஊற்றும் அளவைக்கே உரியது; அது கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்துவிடுகிறது. மேசைக்கு வரும் கண்ணாடிக் குவளையில், பனிக்கட்டியும் சோடாவும் கலந்தபின், குறையை யாரும் நிறுவ முடியாது.

அளவையைப் பொதுவில் சான்றுபடுத்துவது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை அளந்த ‘ஆடவல்லான்’ மரக்காலைப் பெயர் சொல்லிக் குறிப்பதோடு, அது ‘ராஜகேசரி’ என்னும் அளவைக்கு ஒத்தது என்றும் பதிவு செய்கின்றன. எந்த அளவை, எதற்கு ஈடானது என்ற இரண்டும் எல்லோரும் காணும் கல்லில் நின்றன. பிரிட்டனில் மூன்றாம் வில்லியம் காலச் சட்டம் குடிக்கும் பாத்திரத்திலேயே மகுட முத்திரையைக் கட்டாயமாக்கியது; 2006இல் அதன் இடத்தை ஐரோப்பிய சி.இ. குறி பிடித்தது. குறி மாறினாலும், 568 மி.லி. பைன்ட் குவளையில் அது இருக்கும் இடம் மாறவில்லை.

குடிப்பவருக்கு இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று மதுவிலக்கை விரும்புவோர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. ஆனால் அளவு குறைந்தால் பணம்தான் போகும், கூடினால் ஆபத்து. 42.8 விழுக்காடு செறிவுள்ள மதுவில் 30 மி.லி. என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். அது 40 மி.லி. ஆனால் 13 கிராமைத் தாண்டும். எத்தனை பெக் என்று எண்ணிக் குடித்தவரின் கணக்கு அங்கேயே பிழைபடுகிறது. குடித்தவர் வண்டி ஓட்டவே கூடாது. ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருபவரின் உயிரை அந்தப் பிழைக் கணக்கிடம் அரசு விட்டுவிடலாகாது.

செலவு பெரிதாகும் என்ற மறுப்பும் வலுவற்றது. குவளை உற்பத்தியின்போதே 30, 60 மி.லி. கோடுகளைப் பொறித்துவிடலாம். எனவே எஃப்.எல்.3 உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்: கோடிட்ட, முத்திரை பெற்ற குவளை, பனிக்கட்டி சேர்க்குமுன் வாடிக்கையாளர் முன்னிலையில் ஊற்றுதல், மறுமுத்திரை நாள் காட்டும் சான்றிதழைக் கூடத்தில் மாட்டிவைத்தல். பல நாட்டுப் பயணிகள் வந்து தங்கும் மாமல்லபுரத்தில் இதை முதலில் நடைமுறைப்படுத்தி, பலனைக் கண்டு மாநிலம் முழுதும் விரிக்கலாம்.