பார்த்து வரைதல் களவாகுமா?

நம்மிடம் அரபு எழுத்தணிக் கலை பயில வரும் மாணவர் ஒருவர், மதரஸாவின் ஆண்டு விழாவுக்கெனத் தாம் வரைந்த சுவரொட்டியைச் சென்ற மாதம் கொண்டுவந்து விரித்தார். வெண்ணிறத் தாளில் கரிய நிழலுருவாய் ஒரு மினாரா. அதன் உச்சியிலிருந்து பல வண்ணப் பட்டைகள் நெளிந்து நெளிந்து வானில் பரவியிருந்தன. அழகாகவே இருந்தது. ஆயினும் வரைந்தவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "ஹஜ்ரத், இது அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் பாணி. அவருடைய படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன். களவு என்கிறார்கள் தோழர்கள். களவாகுமா?" என்று வினவினார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. அக்கலைஞரின் வரலாற்றைத் தேடிப் படித்த பின்னரே தெளிவு பிறந்தது. அவ்வரலாறு நம் வாசகர்களும் அறியத் தக்கது.

மில்டன் கிளேசர் என்னும் அக்கலைஞர் 1929ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தவர். அங்குள்ள கூப்பர் யூனியனில் கலை பயின்று, பின்னர் இத்தாலியின் பொலோஞா நகரம் சென்று ஜார்ஜியோ மொராண்டி என்னும் ஓவியரிடம் மாணாக்கராய் இருந்தார். 1954இல் தோழர்களுடன் சேர்ந்து 'புஷ் பின்' கலைக்கூடத்தை நிறுவினார். நேர்கோடும் கட்டமும் அலங்காரமற்ற எழுத்துமே நவீனம் என்று வடிவமைப்பாளர் பலர் கருதியிருந்த காலம் அது. இக்கூடத்தாரோ பழங்காலத்துப் பாணிகளையெல்லாம் மீண்டும் எடுத்துப் புதுமையாய் ஆண்டனர்.

1966இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் ஒரு சுவரொட்டியை அவரிடம் வேண்டியது. பாடகர் பாப் டிலனின் சிறந்த பாடல்களைத் தொகுத்து 1967இல் வெளியிட்ட இசைத்தட்டின் உறைக்குள் மடித்து வைப்பதற்கான சுவரொட்டி அது. கிளேசர் பாடகரின் முகத்தைப் பக்கத் தோற்றத்தில் கரிய நிழலுருவாகத் தீட்டினார். தலைமுடியை மட்டும் வண்ண ஆறுகளாய்ப் பெருகவிட்டார். இலட்சக்கணக்கில் அச்சாகி இல்லந்தோறும் சுவரேறிய அப்படத்தைப் பார்த்து வரையப்பட்டவற்றுக்கு இன்றுவரை கணக்கில்லை. நம் மாணவரின் மினாராவும் அவ்வரிசையில் ஒன்றே.

ஆனால் அம்மூலப் படமே மூவரிடம் கடன் பெற்றது என்பதுதான் இங்குக் கருதத் தக்கது. பக்கத் தோற்றத்து நிழலுரு, பிரெஞ்சுக் கலைஞர் மார்சேல் தூஷாம் தம்மைத் தாமே காட்டிய ஓர் உருவத்திலிருந்து வந்தது. 'டிலன்' என்ற பெயரைப் பொறித்த எழுத்தின் வடிவம், மெக்சிகோ நகரில் தையற்காரர் ஒருவர் கடையில் கையால் எழுதி வைத்திருந்த பெயர்ப்பலகையைக் கண்டு பிறந்தது. அந்த வண்ண முடியோ, இஸ்லாமிய ஓவியங்களின்மீது கிளேசருக்கு அந்நாளில் இருந்த ஈடுபாட்டின் விளைவு! இவற்றையெல்லாம் பிறர் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்கவில்லை. அவரே வெளிப்படையாய்க் கூறினார்.

இதனைப் படித்தபோது நமக்குப் பெருமிதம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஹிராத்திலும் தப்ரேஸிலும் ஏடுகளை அணி செய்த ஓவியர்கள், நிழல் தீட்டாமல், தூய வண்ணங்களைத் தெளிந்த கோட்டுக்குள் நிரப்பி, முகிலையும் தீயையும் சுருள் சுருளாய் வரைந்தனர். அம்மரபின் சாயல் அமெரிக்க இளைஞரின் சுவர்களை அடைந்திருக்கிறது. ஆனால் பெருமிதத்தோடு ஒரு வினாவும் எழுந்தது. அம்மரபிலிருந்து அவர் எடுத்தது முறையென்றால், அவரிடமிருந்து நம் மாணவர் எடுத்தது மட்டும் களவாவது எங்ஙனம்?

விடை நம் எழுத்தணிக் கலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அக்கலையில் பார்த்தெழுதுதல் குற்றமன்று, அதுவே பாடம். 'மஷ்க்' என்னும் அப்பயிற்சியில் மாணாக்கர் உஸ்தாதின் வரியை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதுவார். கை தேறிய பின் உஸ்தாத் 'இஜாஸா' வழங்குவார். அதன் பின்னரே தம் எழுத்தின் கீழ்த் தம் பெயரைப் பொறிக்கும் உரிமை மாணாக்கருக்கு உண்டு.

1298இல் மறைந்த பக்தாதின் யாகூத் முஸ்தஃஸிமி வகுத்த நெறியையே பிற்காலத்தார் நெடுங்காலம் பின்பற்றினர். உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத், தம் கருவூலத்திலிருந்த யாகூதின் எழுத்துகளை ஷைகு ஹம்துல்லாஹ்விடம் தந்து, இவற்றினும் புதிதாய் ஒரு நெறி காண இயலுமா என்று கேட்டார். ஹம்துல்லாஹ் அவ்வெழுத்துகளை ஆழ்ந்து ஆராய்ந்து, அவற்றிலிருந்தே தமக்கெனத் தனி நெறி கண்டார். அன்னார் 1520இல் மறைந்தார். அடுத்த நூற்றாண்டில் ஹாபிஸ் உஸ்மான், ஹம்துல்லாஹ்வின் எழுத்தைப் பார்த்தெழுதியே கை பழகி, பின் தம் நெறியை நிறுவினார். இவர்களுள் எவரும் முன்னோரை மறைத்தாரில்லை. எவரும் முன்னோரோடு நின்றுவிடவுமில்லை.

கிளேசரின் வாழ்விலும் இதனைக் காணலாம். 1970களின் நடுவில் அவர் நியூயார்க் மாநிலத்துக்காக, நேசம் என்ற சொல்லின் இடத்தில் செந்நிற இதயத்தை வைத்து ஓர் இலச்சினை ஆக்கிக் கொடுத்தார், ஊதியம் பெறவில்லை. உலகத்து ஊர்களெல்லாம் தத்தம் பெயரைச் சேர்த்து அதனை நகல் எடுத்தன. 2001 செப்டம்பர் 11இல் அந்நகரம் தாக்குண்டபோது, கிளேசரே அவ்விலச்சினையை மீண்டும் எடுத்து இதயத்தின் ஓரத்தில் கருகிய வடு ஒன்றைச் சேர்த்தார். எத்தனையோ நகல்களுக்கிடையே அந்த வடு நெஞ்சைத் தொட்டது. துயரம் அதற்குக் காரணமாய் இருந்தமையே அதன் சிறப்பு. தம் 91ஆம் பிறந்த நாளன்று, 2020 ஜூன் 26இல், அவர் மறைந்தார்.

மாணவரை அழைத்து நாம் கூறியது இதுதான்: "பார்த்து வரைந்தது களவன்று. எவரைப் பார்த்தோம் என்று சொல்லாமல் விடுவது களவு. அதை நீர் செய்யவில்லை, கேட்குமுன்பே சொல்லிவிட்டீர். ஆயினும் உம் வேலை முடியவில்லை. பாடல்கள் பிறந்த தலை என்பதால் அங்கே வண்ணம் தலையிலிருந்து பெருகியது என்று கொள்ளலாம். உம்முடைய மினாராவிலிருந்து பெருகுவது எது?"

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "பாங்கொலி, ஹஜ்ரத்" என்றார் பின்பு.

"அப்படியானால் அதை வரையும்" என்றோம்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த தாளில் மினாரா அப்படியே இருந்தது. வண்ணப் பட்டைகள் மட்டும் தலைமுடிபோல் நெளியாமல், குளத்தில் கல் விழுந்தாற்போல் வட்டம் வட்டமாய் விரிந்து, ஊரின் கூரைகளைத் தொட்டிருந்தன. மூலையில் சிறிய எழுத்தில் 'மில்டன் கிளேசரின் ஓவியம் கண்டு வரைந்தது' என்று எழுதி, அதன் கீழ்த் தம் பெயரையும் பொறித்திருந்தார்.

அப்பெயரை அழிக்குமாறு நாம் சொல்லவில்லை.