பால்பல்லின் மீது விழுந்த பழி

என் மகளுக்கு ஏழாம் மாதம் உடம்பு காய்ந்தது. "பல்லு மொளைக்குது மாப்ள, அதான் சூடு. ரெண்டு நாள்ல தன்னால எறங்கிடும், பயப்படாதீங்க" என்றார் மாமியார். பக்கத்து வீட்டு ஆயா வந்து ஈறைத் தடவிப் பார்த்து அதையே சொன்னார். பள்ளிக்கரணையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் பல்லின் மீது விழாத பழி இல்லை. பேதியா, பல்லு. சளியா, பல்லு. ராத்திரி முழுக்க அழுகையா, அதுவும் பல்லு. பிரதிகளைச் சந்தேகிக்கக் கற்றதாகச் சொல்லிக்கொள்ளும் நான் இந்தப் பிரதியைச் சந்தேகிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீர்த் தொற்று. தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் என்றார். பல்லோ மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில், எந்தக் காய்ச்சலும் இல்லாமல் வந்து நின்றது.

பாட்டிகளின் அறியாமை என்று இதை முடித்துவிடலாம். முற்போக்காளர்களுக்கு அது சௌகரியமும்கூட. ஆனால் இந்த அறியாமைக்கு ஒரு நீண்ட, படித்த பரம்பரை இருக்கிறது. பல் முளைக்கையில் காய்ச்சலும் வலிப்பும் பேதியும் வரும் என்பது ஹிப்போக்ரடீஸின் பெயரில் வழங்கும் சூத்திரங்களிலேயே உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, பிரபு ஒருவரின் இறந்துபோன எட்டு மாதக் குழந்தையின் ஈறுகளைக் கீறிப் பார்த்தார். உள்ளே பற்கள் வெளிவரத் தயாராக இருந்தன. வழி கிடைக்காததால்தான் குழந்தை செத்தது என்று முடிவு கட்டினார். எட்டு மாதக் குழந்தை எதனால் செத்திருந்தாலும் ஈறைக் கீறினால் பல் இருக்கத்தான் செய்யும். இந்த எளிய விஷயம் ஐரோப்பிய மருத்துவத்துக்குப் புரிய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை மருத்துவர்கள் கத்தியோடு குழந்தைகளின் ஈறுகளைக் கீறிக்கொண்டிருந்தார்கள். கீறியதால் சீழ்பிடித்த குழந்தைகளைப் பற்றிப் பேச்சில்லை.

இங்கிலாந்தில் இறப்புகளைப் பதிவு செய்யும் அரசு ஏற்பாடு 1837இல் தொடங்குகிறது. 1839இல் மட்டும் பல் முளைத்தலால் இறந்தவை என்று 5,016 மரணங்கள் பதிவேட்டில் ஏறின. மருத்துவப் பார்வை உடலை எப்படி வாசிக்கப் பழகியது என்று 'மருத்துவமனையின் பிறப்பு' (1963) நூலில் மிஷேல் பூக்கோ எழுதினார். இங்கே வாசிப்பு அல்ல, வாசிக்க மறுப்பதுதான் நிறுவனமாகிறது. காரணம் ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் தேடல் நின்றுவிடும். சேரிகளின் அழுக்குத் தண்ணீரும் கலப்படப் பாலும் அந்த 5,016 பேர் பட்டியலில் தப்பித்துக்கொண்டன. குழந்தையின் வாயிலிருந்த ஒரு வெள்ளைத் துணுக்கு மாட்டிக்கொண்டது.

அடுத்து வந்தது வியாபாரம். அமெரிக்காவில் 1849 முதல் விற்ற 'மிசஸ் வின்ஸ்லோ'வின் சாந்தி மருந்து பல் முளைக்கும் பிள்ளைகளுக்கானது. அதில் இருந்தது மார்ஃபின். குழந்தை தூங்கியது. சில எழுந்திருக்கவே இல்லை. பிரிட்டனில் பல்பவுடர்களில் காலமல் கலந்தார்கள். நம் வைத்தியர்கள் பூரம் என்று சொல்லும் ரசக் கலவைதான் அது. கைகால் சிவந்து, வெளிச்சம் பார்க்கமுடியாமல் குழந்தைகள் கதறிய 'இளஞ்சிவப்பு நோய்'க்குக் காரணம் பாதரசம் என்று 1948இல் வார்கனியும் ஹப்பார்டும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1954இல் அந்தப் பவுடர்கள் நிறுத்தப்பட, நோயும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அந்த நோயில் பற்களும் ஆடி விழும். பல்லுக்குக் கொடுத்த மருந்து பல்லைத் தின்றது.

நம் வீடுகளின் கிரைப் வாட்டரும் இதே காலத்துச் சரக்குதான். 1851இல் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் அதைத் தயாரித்தபோது முன்மாதிரியாக இருந்தது, கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் குழந்தைகளுக்கு வந்த மலேரியாவுக்கு 1840களில் கொடுத்த மருந்து. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, ஆல்கஹால். (ஆல்கஹாலைப் பின்னால் எடுத்துவிட்டார்கள்.) ஒரு சதுப்பு நிலத்தின் காய்ச்சல் மருந்து கடல் கடந்து, கழுவெளி என்று பழையவர்கள் சொல்லும் இன்னொரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில், 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய எங்கள் பள்ளிக்கரணையில், மாமியாரின் அலமாரியில் வசம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'பாட்டி வைத்தியம்' என்று நாம் சொல்வதில் எவ்வளவு விக்டோரியா காலத்து மருந்துக்கடை கலந்திருக்கிறது என்று யாராவது விரிவாக எழுத வேண்டும்.

தமிழ்ப் பிரதிகளுக்குள் பல் வேறு மாதிரி முளைக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் பல்லுக்கென்று ஒரு பருவம் இல்லை. ஆனால் கண்ணனின் தளர்நடையைப் பாடும் பெரியாழ்வார், சிவந்த வாயில் தெரியும் பல் முளையை, செவ்வானத்தில் கிளை நுனிக்கு நடுவே தோன்றும் சிறு பிறையோடு ஒப்பிடுகிறார். ஈறைத் தினம் உற்றுப் பார்த்தவர்தான் இதை எழுத முடியும். எழுத்துகள் பிறக்கும் எட்டு இடங்களில் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது. யாழ்ப்பாணத்தில் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல் போலப் பதித்து, பிள்ளையின் தலையில் கொட்டுவார்கள். ஆர்மேனியர்களும் முதல் பல்லுக்கு அவித்த கோதுமையைத் தலையில் கொட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் பிள்ளை முன்னால் பொருள்களைப் பரப்பி எதை எடுக்கிறது என்று பார்க்கிற வழக்கம் உண்டு. நோய் அல்ல, வரவு. நம்மிடமும் அந்தப் பார்வை இருந்திருக்கிறது.

பல் ஏன் மாட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாதத்தில் தேய்கிறது. பிள்ளை தவழ்ந்து கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. திட உணவும் தொடங்குகிறது. தொற்றுகள் வரும் வயதும் பல் வரும் வயதும் ஒன்றாகிவிடுகின்றன. பல்லால் ஈறு உறுத்தும், எச்சில் வழியும், பிள்ளை சிணுங்கும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை. வராத பல்லின் மீது இவ்வளவு பழி சுமத்துகிற நாம் வந்த பல்லைக் கவனிப்பதில்லை. "விழப்போற பல்லுதானே." ராத்திரி பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் முதலில் கரைகின்றன. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். இருபது பால்பற்களும் நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று முன்கூட்டிப் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து வழியை அடைக்கும். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பேருந்தில் அதைக் கடந்துதான் தினமும் போகிறோம். ஒரு வயதுக் குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டலாம் என்றால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடைசிப் பாலுக்குப் பிறகு ஈரத்துணியை விரலில் சுற்றி இரண்டு பல்லையும் துடைத்துவிடுகிறார். அரிசியளவு பற்பசையும் சின்ன பிரஷும் வாங்கி வந்திருக்கிறேன். "இதெல்லாம் வேணுமா மாப்ள" என்றவர், வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் அவரை அசைக்க முடியவில்லை. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வரும் என்பதால் பெரும்பாலான மாமன்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கீழ்ப்பல் தெரிந்த அன்று மாமியார் முதலில் ஃபோன் போட்டது என் மச்சானுக்குத்தான்.