உறைவிட மருத்துவர்

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவனுக்குச் சொற்களோடு ஓயாத வழக்கு உண்டு. பட்ட மேற்படிப்புப் பயிலும் இளம் மருத்துவரை ‘ரெசிடென்ட்’ என்கிறார்கள். அதனை ஒரு கோப்பில் ‘உறைவிட மருத்துவர்’ என்று தமிழாக்கினேன். மேலதிகாரி அதனை அடித்து, ‘பயிற்சி மருத்துவர்’ எனத் திருத்தினார். படிப்போருக்கு அதுவே எளிது, நான் மறுக்கவில்லை. ஆயினும் வரலாறு என் பக்கம் இருந்தது. அச்சொல் வழக்கில் வேரூன்றிய நாளில் அவர்கள் மெய்யாகவே மருத்துவமனையில் குடியிருந்தவர்கள்.

1889ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அங்கே அறுவைப் பிரிவை உருவாக்கிய வில்லியம் ஹால்ஸ்டெட், ஜெர்மானிய மருத்துவக் கூடங்களை நேரிற் கண்டு வந்தவர். அம்முறையைத் தழுவியே இளைஞரைப் பயிற்றினார். அவர்கள் மருத்துவமனையிலேயே உண்டு உறங்கினர். மணம் புரிவது விரும்பப்படவில்லை. பயிற்சிக்கு இத்தனை ஆண்டு என்ற வரையறையும் இல்லை. ஆசிரியர் போதும் என்னும் வரை அது நீளும். உச்சிப் படியை எட்டியவர் சிலரே. அவர்கள் வெவ்வேறு கல்லூரிகளிற் பேராசிரியராகி, தாம் பட்டதையே தம் மாணவருக்கும் விதித்தனர்.

ஹால்ஸ்டெட்டின் வாழ்வில் ஒரு மறைபொருள் இருந்தது. கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்யும் என்ற செய்தி 1884இல் ஐரோப்பாவிலிருந்து வந்தபோது, அவர் நியூயார்க்கில் அம்மருந்தை நரம்புகளருகே செலுத்திச் சோதித்தார். சோதனைக்கு உடலைக் கொடுத்தோர் அவரும், அவருடைய தோழரும், மருத்துவ மாணவருமே. அவர்களுள் சிலர் அதன் பிடியிற் சிக்கினர். மீளாமலே அழிந்தவரும் உண்டு. ஹால்ஸ்டெட் சிகிச்சை பெற்றார். ஆனால் அதற்கு ஈடாக மார்பீன் அவரைப் பற்றிக்கொண்டது. அதனுடனேயே பல்லாண்டு பணியாற்றி 1922இல் மறைந்தார். உடனிருந்த வில்லியம் ஆஸ்லர் இதனை எழுதி மறைத்து வைத்த குறிப்பு 1969இல்தான் அச்சேறிற்று.

உறக்கமற்ற பயிற்சி முறை கொக்கெயின் ஈன்ற குழந்தை என்று சிலர் எழுதுகின்றனர். சுவையான கதைதான், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹால்ஸ்டெட் மருத்துவமனைக்குத் தாமதித்து வருவார். கோடையில் மாதக்கணக்கில் வெளியூர் சென்றுவிடுவார். உறங்காதிருந்தோர் சீடர்களே. ஆனால் ஒன்று நினைக்கத் தோன்றுகிறது. தலைவரே தம் துன்பத்தை மறைத்து வாழ்ந்த இடத்தில், சீடன் தன் களைப்பை எவரிடம் போய்ச் சொல்லியிருப்பான்?

இம்முறையை உலகம் ஐயுறுவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 1984 மார்ச்சு மாதத்தில், நியூயார்க்கில் காய்ச்சலோடு சேர்க்கப்பெற்ற 18 வயதுப் பெண் ஒருத்தி சில மணி நேரத்திற்குள் இறந்தாள். இரவில் அவளைக் கவனித்தவர்கள் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர்கள். விசாரித்த பெருஞ்சான்றாயத்தார் எவர் மீதும் கொலைக் குற்றம் சாட்டவில்லை. அவர்களை அவ்வாறு உழைக்கவிட்ட ஏற்பாட்டையே கண்டித்தனர். 1989இல் அம்மாநிலம் வாரத்திற்கு 80 மணி என எல்லை வகுத்தது. 2003இல் அது நாடு முழுமைக்கும் பரவிற்று.

நம் நாட்டில் இவ்வெல்லை, காகிதத்தில், முன்னரே வந்துவிட்டது. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவு, வாரத்திற்குச் சாதாரணமாக 48 மணி, ஒரே தொடர்ச்சியில் 12 மணிக்கு மேற்படாது என்றது. 2023ஆம் ஆண்டு விதிமுறையில் எண் இல்லை; ‘நியாயமான பணி நேரம்’ என்றே இருக்கிறது. நேயர்களே, நியாயம் என்பதை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? மொழிபெயர்ப்பவன் சொல்லை மாற்றலாம். மணிக்கணக்கை இட முடியாது.

2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவரின் மனநலம் பற்றி அறிக்கை அளித்தது. அதற்கு விடையளித்த இளநிலை மாணவருள் நூற்றுக்கு 27.8 பேர் தமக்கு மனநலக் குறை உண்டெனத் தெரிவித்திருந்தனர். முதுநிலை மாணவருள் 45 விழுக்காட்டினர் வாரத்திற்கு 60 மணிக்கு மேல் உழைக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை. 74 மணிக்கு மேல் வேண்டாம், நாள்தோறும் 7 முதல் 8 மணி உறக்கம் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 32 ஆண்டுகளுக்கு முன் 48 என்று எழுதிய இடத்தில் இப்போது 74. அதுவும் உத்தரவன்று, பரிந்துரை.

மனநல ஆலோசனைக்கென 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையை மாணவர்க்குப் பயன்படுத்துமாறும் அறிக்கை கூறுகிறது. அதன் எண் 14416. நள்ளிரவிலும் பதில் சொல்ல ஆள் உண்டு.