ஒரே காற்று, இரண்டு அங்குலம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்துள்ள நமது கிளியனூர், நெடுங்காலம் இரு ஆட்சிகளின் விளிம்பில் வாழ்ந்த ஊர். இப்பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. சில கல் தொலைவில் பிரெஞ்சியர் ஆட்சி. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வரும்வரை அந்த எல்லை நீடித்தது. மண்ணுக்கு எல்லை வகுத்தனர். காற்றுக்கு எவர் வகுப்பார்? எனினும், அக்காற்றை அளந்த கோல்கள் இருவரிடமும் வேறுவேறாக இருந்தன.

காற்றுக்கு எடை உண்டெனும் சிந்தனையை யோபு நூலின் 28ஆம் அதிகாரத்திலேயே காண்கிறோம். 1643இல் இத்தாலியரான தொரிச்செல்லியின் ஆய்வு அவ்வெடையைக் கண்ணுக்குப் புலப்படுத்தியது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கியது வெளிக்காற்றின் அழுத்தமே. 1648இல் பிளேய்ஸ் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பிரான்சின் புய் தெ தோம் மலைமீது ஏறி அளந்தபோது, பாதரசம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மேலே செல்லச் செல்லக் காற்றின் சுமை குறைவது தெளிவாயிற்று.

இனிச் சிக்கலுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் இரு நாட்டாரும் பாதரச உயரத்தை அங்குலத்தில்தான் குறித்தனர். ஆனால் ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பாரிசு அங்குலமோ 27.07 மில்லிமீட்டர். பிரெஞ்சியர் '28 அங்குலம்' என்றால் அது 758 மில்லிமீட்டர். கடலோரத்தில் அமைதியான நாளுக்குரிய அளவு. அதே எண்ணை ஆங்கில அங்குலமாகக் கொண்டால் 711 மில்லிமீட்டர். அதாவது 948 மில்லிபார். அது கடும்புயலின் அடையாளம்! எண் ஒன்றே, பொருளோ வாழ்வும் சாவும் போல் விலகி நிற்கிறது.

புயலின் கொடுமையை இக்கடற்கரை நன்கறியும். 1761 சனவரி 1 அன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் புயல் தாக்கியது. கப்பல்கள் பல அழிந்தன, மாலுமிகள் பலர் மாண்டனர். பின்னாளில் பாதரசத்தின் வீழ்ச்சி முன்னெச்சரிக்கையாகப் பயன்பட்டது. மணிலாவில் இயேசு சபைத் துறவி பெதெரிக்கோ பவுரா 1879இல் புயல் எச்சரிக்கை விடுத்தது அவ்வரலாற்றின் சிறப்பான பக்கம்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. 1971இல் அழுத்த அலகு ஒன்றுக்குப் பாஸ்கலின் பெயர் சூட்டப்பட்டது. நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல். அதுவே பழைய மில்லிபாரும். கடல்மட்டத்தின் நியம அழுத்தத்தை 29.92 ஆங்கில அங்குலம் எனலாம், 760 மில்லிமீட்டர் எனலாம், 1013.25 ஹெக்டோபாஸ்கல் எனவும் கூறலாம். மூன்றும் ஒன்றே. அங்குலத்தை 33.86ஆலும், மில்லிமீட்டரை 1.333ஆலும் பெருக்கினால் ஹெக்டோபாஸ்கல் கிடைக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலின் மைய அழுத்தம் 969 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதாக மதிப்பிடப்பட்டது. அதாவது 727 மில்லிமீட்டர். நியம அளவினின்று 44 ஹெக்டோபாஸ்கல் மட்டுமே குறைவு. ஆனால் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் ஏறத்தாழ 450 கிலோ சுமை நீங்கியது என மாற்றிச் சொன்னால் அதன் பொருள் விளங்கும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய, கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும்; காற்று தள்ளும் அலை அதற்கு மேல். எனினும் அழுத்தம் மட்டுமே அழிவின் அளவன்று. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல், தானேயைவிட வலுக்குறைந்த புயலே. ஆயினும் அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

மருத்துவர் குறிக்கும் 120 என்னும் இரத்த அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. கிலோபாஸ்கலில் அது 16 மட்டுமே. எண் சிறுத்தது, நோயாளியின் உடல்நிலை மாறவில்லை. ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும், அது எவருடைய கோலால் அளந்தது என முதலில் வினவுவோம். பிறர் சொல்லும் அளவை நமது அளவாக மாற்றிப் புரிந்துகொள்வது வெறும் கணக்கன்று. அண்டை வீட்டாரின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கும் பண்பும் அதுவே.