குழந்தையின்மையின் அறிகுறிகள் எவை? அந்தமான் தம்பதியர் கப்பலேறும் முன் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தம்பதியர் குழந்தைப்பேறு சிகிச்சைக்காகச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ செல்ல வேண்டுமானால் 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடந்தாக வேண்டும். கப்பலில் சென்றால் மூன்று நாள் வரை ஆகும். அறிகுறிகளை உரிய காலத்தில் உணர்ந்து, எளிய முதற்கட்டப் பரிசோதனைகளைக் கணவன், மனைவி இருவரும் ஒருசேரச் செய்துகொண்டால், இந்தப் பயணமும் அதற்கான செலவும் வீணாகாமல் தடுக்கலாம்.

எது குழந்தையின்மை?

கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாமல், 12 மாதங்கள் அல்லது அதற்கு மேல் முறையாக இல்லறத்தில் ஈடுபட்டும் கருத்தரிக்காத நிலையை உலக சுகாதார அமைப்பு குழந்தையின்மை என வரையறுக்கிறது. உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதை எதிர்கொள்வதாக அந்த அமைப்பு 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, அந்தமான் நிக்கோபாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.3 குழந்தைகளே பிறக்கின்றன. நாட்டின் சராசரி 2.0. எனினும், குறைந்த பிறப்பு விகிதமும் குழந்தையின்மையும் ஒன்றல்ல. தாமதத் திருமணம், குடும்பக் கட்டுப்பாடு, சிறு குடும்ப விருப்பம் ஆகியவையும் பிறப்பு விகிதத்தைக் குறைப்பவையே.

தீவு வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது

கருமுட்டை வெளியான பின் 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிர்வாழக்கூடும். ஆகவே, ஒரு மாதத்தில் கருத்தரிப்புக்கு வாய்ப்புள்ள நாள்கள் ஏறத்தாழ ஆறு மட்டுமே. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 14-ஆம் நாளையொட்டிக் கருமுட்டை வெளியாகும்.

கணவர் கப்பல் பணியிலோ, மீன்பிடித் தொழிலிலோ, வேறு தீவில் அரசுப் பணியிலோ இருந்து மாதம் ஒருமுறை மட்டும் வீடு திரும்பினால், இந்த ஆறு நாள்கள் தொடர்ந்து தவறிப்போகலாம். அத்தகைய தம்பதியர் சேர்ந்து வாழ்ந்த காலத்தை மருத்துவரிடம் துல்லியமாகக் கூறுவது அவசியம். நோயே இல்லாதவர்களும் சிகிச்சைக்கு அலைவதை இது தவிர்க்கும்.

பெண்களிடம் காணப்படும் அறிகுறிகள்

* மாதவிடாய் 21 நாளுக்கும் குறைவான இடைவெளியிலோ, 35 நாளுக்கும் மேற்பட்ட இடைவெளியிலோ வருதல், அல்லது பல மாதங்கள் வராமலே இருத்தல்.
* முகத்தில் மிகுந்த முடி வளர்ச்சி, தொடர் முகப்பரு, உடல் எடை அதிகரிப்பு. ஒழுங்கற்ற மாதவிடாயுடன் இவை சேர்ந்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கக்கூடும்.
* அன்றாட வேலையை முடக்கும் அளவுக்கு மாதவிடாய் வலி, உடலுறவின்போது வலி. இவை எண்டோமெட்ரியோசிஸின் அறிகுறிகளாக இருக்கலாம்.
* நீடித்த அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல். பால்வினைத் தொற்றுகள் கருக்குழாயை அடைக்கக்கூடியவை. இந்தியாவில் கருப்பை, கருக்குழாய்களைத் தாக்கும் காசநோயும் ஒரு முக்கியக் காரணமாகும்.
* தாய்ப்பால் கொடுக்காத நிலையிலும் மார்பில் பால் கசிதல். இது புரோலாக்டின் ஹார்மோன் மிகுதியைக் குறிக்கலாம்.

ஆண்களிடம் காணப்படும் அறிகுறிகள்

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் உண்டு. ஆயினும் பெரும்பாலான குடும்பங்களில் மனைவியே முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறார். ஆண்கள் பலருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இராது என்பதால், கீழ்க்காண்பவை இல்லையென்றாலும் விந்துப் பரிசோதனை அவசியம்.

* விதைப்பையில் வலி, வீக்கம், கட்டி, அல்லது புழுக்கள் நெளிவது போன்ற நரம்புப் புடைப்பு. கடைசியாகக் கூறப்பட்டது வெரிகோசீலாக இருக்கலாம்.
* விறைப்புக் குறைபாடு, விந்து வெளியேறுவதில் சிக்கல், நாட்டமின்மை.
* முகம், உடலில் முடி குறைதல், மார்பகம் பெருத்தல்.
* பருவ வயதுக்குப் பின் பொன்னுக்குவீங்கி வந்து விதைகள் வீங்கியது, சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது, குடலிறக்க அறுவை சிகிச்சை ஆகிய முன்வரலாறு.

உடற்பயிற்சிக்கூடங்களில் தசை வளர்ச்சிக்காக எடுத்துக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டும், மருத்துவர் அறிவுரையின்றிப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். புகையிலையும் விந்தணுக்களின் தரத்தைக் குறைக்கும். அந்தமான் நிக்கோபார் ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகையிலை பயன்படுத்துவதாகக் குடும்ப நல ஆய்வு காட்டுவதால், இங்கு இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் பொருளுண்டு.

எப்போது மருத்துவரை அணுகலாம்?

மனைவியின் வயது 35-க்குக் கீழ் என்றால் ஓராண்டு முயற்சிக்குப் பின்னரும், 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலும், 40-ஐக் கடந்திருந்தால் உடனடியாகவும் மருத்துவரை அணுக வேண்டும். மேற்கண்ட அறிகுறிகள் இருப்பவர்கள் எந்த வயதிலும் காத்திருக்கத் தேவையில்லை. அறிகுறி இருப்பதாலேயே குழந்தைப்பேறு இயலாது என்று முடிவுகட்டவும் கூடாது. இவற்றில் பல சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை.

முதலில் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

விந்துப் பரிசோதனை, தைராய்டு மற்றும் புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை, அடிவயிற்று ஸ்கேன் ஆகியவை முதற்கட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் முடிவைப் பொறுத்தே கருக்குழாய் அடைப்பைக் கண்டறியும் எக்ஸ்ரே முதலியவை பரிந்துரைக்கப்படும்.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை உடலுறவைத் தவிர்த்திருக்க வேண்டும். வெளியே சேகரித்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். ஆதலால் டிக்லிப்பூர் போன்ற தொலைவான ஊர்களிலிருந்தோ, 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கேம்ப்பெல் பேயிலிருந்தோ மாதிரியைத் தலைநகருக்கு அனுப்ப இயலாது. கணவர் நேரில் சென்று ஆய்வகத்திலேயே அளிக்க வேண்டும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும் என்பதால், ஒரே அறிக்கையை இறுதியாகக் கொள்ளாமல் மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் பரிசோதிப்பது வழக்கம்.

முதற்கட்ட ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ, தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையையோ அணுகலாம். எந்தப் பரிசோதனை எங்கு செய்யப்படுகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

மேல்சிகிச்சைக்குச் செல்வோர் கவனத்துக்கு

மாதவிடாய்த் தேதிகளின் குறிப்பு, பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் படங்கள், முன்பு உட்கொண்ட மருந்துகளின் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சென்றால் மீண்டும் ஒரு பயணம் தேவைப்படலாம்.

2021-ஆம் ஆண்டின் செயற்கை முறைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மையங்கள் மட்டுமே சோதனைக்குழாய் முறை உள்ளிட்ட சிகிச்சைகளை அளிக்கலாம். பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. சிகிச்சைக்கு இருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. எனவே, முன்பணம் செலுத்துவதற்கு முன் மையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது தம்பதியரின் உரிமையாகும்.