இங்கிலாந்துக் காலணித் தொழிலும் கடல் கடந்த உற்பத்தியும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த நார்தாம்ப்டன் நகரமும், அதைச் சுற்றியுள்ள கெட்டரிங், ரஷ்டன், வொல்லாஸ்டன், ஏர்ல்ஸ் பார்ட்டன் முதலிய ஊர்களும் பல நூற்றாண்டுகளாகக் காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்திலுள்ள ஸ்ட்ரீட் என்னும் சிற்றூர் கிளார்க்ஸ் நிறுவனத்தின் பிறப்பிடம். 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தொழிலின் புகழ்பெற்ற நிறுவனங்கள் சில தம் உற்பத்தியை ஆசிய நாடுகளுக்கு மாற்றின. அன்று முதல் "இங்கிலாந்தில் செய்தபோது இருந்த தரம் இப்போது இல்லை" என்ற குறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழில் வேரூன்றிய விதம்

நார்தாம்ப்டன் பகுதியில் கால்நடைச் சந்தைகள் இருந்ததால் தோல் தாராளமாகக் கிடைத்தது. தோல் பதனிட ஓக் மரப்பட்டையும், நேன் ஆற்று நீரும் அருகிலேயே இருந்தன. 1642இல் தாமஸ் பெண்டில்டன் என்பவர் தலைமையில் அந்நகரக் காலணித் தொழிலாளர் சிலர், படைவீரர்களுக்காக 4,000 ஜோடி ஷூக்களும் 600 ஜோடி பூட்ஸ்களும் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றனர். அதன் பின் போர் வந்த போதெல்லாம் இவ்வூர்களுக்கு வேலையும் வந்தது. அந்நகரக் கால்பந்து அணிக்கு இன்றும் 'காப்ளர்ஸ்', அதாவது செருப்புத் தைப்பவர்கள் என்பதே செல்லப்பெயர்.

ஸ்ட்ரீட் ஊரின் கதை வேறு. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த சைரஸ் கிளார்க் 1825இல் அங்கு ஆட்டுத்தோல் விரிப்புத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய தம்பி ஜேம்ஸ், வெட்டிக் கழித்த தோல் துண்டுகளைக் கொண்டு வீட்டுச் செருப்புகள் செய்தார். கிளார்க்ஸ் காலணி அங்கிருந்துதான் வளர்ந்தது.

இயந்திரத்தின் வருகை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஷூ தைப்பது பெரும்பாலும் வீட்டுத் தொழில். ஆண்கள் அடிப்பகுதியைத் தைக்க, பெண்களும் பிள்ளைகளும் மேற்பகுதியைத் தைத்தனர். 1850களின் இறுதியில் மேற்பகுதி தைக்கும் இயந்திரம் வந்தபோது நார்தாம்ப்டன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். கூலி குறையும், கைத்திறன் அழியும் என்பது அவர்களுடைய அச்சம். 1895இல் இயந்திரங்கள் குறித்த பூசல் நாடு தழுவிய கதவடைப்பாக முற்றியது. 1905இல் படைவீரர் பூட்ஸ் செய்த ரவுண்ட்ஸ் ஊர்த் தொழிலாளர்கள், குறைந்த கூலியை எதிர்த்து, ஜேம்ஸ் கிரிபிள் என்பவர் தலைமையில் லண்டனுக்கு நடந்தே சென்றனர். குறைந்த விலைக்குப் பூட்ஸ் செய்து தர ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்களால் தங்கள் கூலி வெட்டப்படுகிறது என்பதே அவர்களின் முறையீடு.

இன்று 'பாரம்பரிய ஆங்கில முறை' என்று போற்றப்படும் குட்இயர் வெல்ட் முறையும் இயந்திர முறையே. அமெரிக்காவில் 1870களில் இளைய சார்ல்ஸ் குட்இயர் பரப்பிய இயந்திரங்களைக் கொண்டு அது இங்கிலாந்துக்கு வந்தது. ஒரு தலைமுறை எதிர்த்த இயந்திரத் தையல் அடுத்த தலைமுறைகளுக்குப் பெருமையாகிவிட்டது.

ஷூவின் தரம் எதில் உள்ளது?

தரத்தைப் பற்றிப் பேசுமுன் ஷூவின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. முதலில் தோலை வெட்டுவார்கள். ஒரே தோலில் முதுகுப் பகுதி உறுதியாகவும் வயிற்றுப் பகுதி தளர்ந்தும் இருக்கும். எந்தத் துண்டை எங்கிருந்து எடுப்பது என்பது வெட்டுபவரின் அனுபவம். பின் மேற்பகுதியைத் தைத்து, பாத வடிவிலான அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவார்கள். அந்த அச்சில் சில நாட்களாவது இருந்தால்தான் தோல் வடிவம் பிடிக்கும்.

குட்இயர் முறையில், வெல்ட் எனப்படும் தோல் பட்டையை மேற்பகுதியோடும் உள்ளடியோடும் சேர்த்துத் தைப்பார்கள். உள்ளடிக்குக் கீழேயுள்ள இடைவெளியைத் தக்கைத் தூளால் நிரப்பிவிட்டு, சோலை அந்தப் பட்டையோடு தைப்பார்கள். சோல் தேய்ந்தால் அந்தத் தையலை மட்டும் பிரித்துப் புதிய சோல் போடலாம்; மேற்பகுதிக்குச் சேதமில்லை. மலிவான ஷூக்களில் சோலைப் பசையால் ஒட்டிவிடுவார்கள். ஒட்டும் வேலை விரைவில் முடியும், ஷூவும் இலகுவாக இருக்கும். ஆனால் சோல் தேய்ந்தபின் அதைச் செப்பனிடுவது கடினம். இந்த ஒட்டும் முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் பரவிவிட்டது. 'இங்கிலாந்தில் செய்தது' என்ற சொல் எல்லாக் காலத்திலும் உயர்தரத்தைக் குறித்ததில்லை.

கடல் கடந்த பயணம்

ஷூ உற்பத்தியில் மிகுதியான ஆட்கள் தேவைப்படுவது மேற்பகுதி தைக்கும் பிரிவில்தான். ஆகவே பல நிறுவனங்களில் முதலில் அந்த வேலையே கூலி குறைந்த நாடுகளுக்குச் சென்றது. பின்னர் முழு ஷூவும் சென்றது.

கெண்டல் நகரில் 1842இல் தொடங்கிய கே ஷூஸ் நிறுவனம் 1981இல் கிளார்க்ஸ் வசமானது. 2003இல் அங்கு உற்பத்தி நின்றது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் கிளார்க்ஸும் இங்கிலாந்தில் ஷூ செய்வதை விட்டது. ஸ்ட்ரீட் ஊரிலிருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் 1993இலேயே கடைத்தொகுதியாக மாறிவிட்டன.

வொல்லாஸ்டனில் கிரிக்ஸ் குடும்பத்தார் செய்த டாக்டர் மார்டன்ஸ் பூட்ஸ் மற்றொரு சான்று. ஜெர்மன் மருத்துவர் கிளவுஸ் மார்ட்டென்ஸ் வடிவமைத்த காற்றடைத்த சோலுக்கு உரிமம் பெற்று, 1960 ஏப்ரல் 1 அன்று முதல் பூட்ஸை வெளியிட்டனர். அந்நாளே அதன் பெயராகி '1460' என நிலைத்தது. நட்டத்தில் தவித்த நிறுவனம் 2003இல் உற்பத்தியைச் சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் மாற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 2007இல் வொல்லாஸ்டனில் சிறிய அளவில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இந்த 'இங்கிலாந்துத் தயாரிப்பு' வகையின் விலை அதிகம்.

தரம் எங்கே குறைந்தது?

ஆசியாவில் செய்த டாக்டர் மார்டன்ஸ் பூட்ஸிலும் வெல்ட் தையல் தொடர்ந்தது. கெட்டரிங் நகரின் லோக் நிறுவனமும் ரஷ்டனைச் சேர்ந்த கிரென்சனும் இந்தியாவில் செய்வித்து விற்கும் மலிவு வகைகளிலும் வெல்ட் ஷூக்கள் உண்டு. ஆகவே அந்தக் கைத்திறன் ஆசியர்களுக்கு வராது என்ற எண்ணம் பொருந்தாது.

இடம்பெயர்ந்ததன் நோக்கம் செலவைக் குறைப்பது. அந்த நோக்கம் கூலியோடு நிற்காதபோதுதான் தரம் சரிகிறது. முழுத்தோலுக்குப் பதிலாக, மேற்பரப்பைத் தேய்த்து வண்ணப்பூச்சு ஏற்றிய தோல் வரும். தோல் உள்ளடியின் இடத்தில் அழுத்திய அட்டை வரும். அச்சில் இருக்கும் நாட்கள் குறையும். தையல் போய்ப் பசை வரும். இவற்றை நார்தாம்ப்டனில் செய்தாலும் ஷூ விரைவில் வெடிக்கும். வாங்குபவர் கண்ணுக்கு நாட்டின் பெயர் மாறியது மட்டும் தெரிகிறது. கூடவே மாறிய பொருளும் நேரமும் தெரிவதில்லை. அதனால் பழி தைத்த தொழிலாளியின்மேல் விழுகிறது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் நெடுங்காலமாக லண்டன் சந்தைக்குச் சென்றன. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர் பூட்ஸின் மேற்பகுதிக்கு அத்தோல் பெருமளவில் பயன்பட்டது. ஆங்கில ஷூ முழுவதும் ஆங்கில மண்ணில் விளைந்தது என்று அன்றும் சொல்ல இயலாது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைப்படி, பச்சைத்தோல் மற்றும் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. முடிவுற்ற தோல், ஷூ மேற்பகுதி, முழு ஷூ என ஏற்றுமதி படிப்படியாக உயர்ந்தது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகள் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஷூ செய்கின்றன. தையல் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கின்றனர்.

மலிவு விலையின் ஒரு பகுதியை இவ்வூர்கள் வேறு வகையில் செலுத்தின. தோல் பதனிடும் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது.

இழந்ததை மீட்பது எளிதா?

2017இல் கிளார்க்ஸ், இயந்திர மனிதர் உதவியுடன் ஸ்ட்ரீட் ஊரில் மீண்டும் உற்பத்தி தொடங்கியது. அங்கே செய்யத் தேர்ந்தது 1950இல் வெளிவந்த டெசர்ட் பூட். கெய்ரோ கடைத்தெருவில் தைத்த காலணிகளைப் பர்மாவில் படை அதிகாரிகள் அணிந்திருக்கக் கண்டு நேதன் கிளார்க் வடிவமைத்தது அது. எதிர்பார்த்த உற்பத்தியை எட்டவில்லை என்று கூறி அத்தொழிற்சாலையை 2019இல் மூடினர்.

தொழில் என்பது இயந்திரத்தோடு முடிவதில்லை. தோல் பதனிடுபவர், அச்சு செய்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், இளைஞருக்குக் கற்றுத்தரும் மூத்தவர் எல்லோரும் அருகருகே இருந்தால்தான் அது நிலைக்கும். டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் ஊரில், ஓக் பட்டையால் பல மாதங்கள் பதனிடும் பழைய முறையைக் கைவிடாத பதனிடுமிடம் ஒன்றே பிரிட்டனில் மிஞ்சியுள்ளது. நார்தாம்ப்டனில் க்ரோக்கெட் அண்ட் ஜோன்ஸ், ட்ரிக்கர்ஸ், எட்வர்ட் கிரீன் போன்றவை இன்றும் ஷூ செய்கின்றன. 1873இல் தொடங்கிய சர்ச்சஸ், 1999இல் இத்தாலியப் பிராடா நிறுவனத்திடம் போனபின்னும் அங்கேயே செய்கிறது. ஆனால் இவை வசதி படைத்தோரே வாங்கும் விலையில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் சாதாரண மக்களுக்கும் படைவீரருக்கும் ஷூ செய்த தொழிலில், உயர்விலைப் பகுதி மட்டுமே அம்மண்ணில் தங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் விற்கும் காலணியில் மேற்பகுதி, உட்பகுதி, சோல் ஆகியவை எந்தப் பொருளால் ஆனவை என்று குறியீடு காட்ட வேண்டும். எந்த நாட்டில் செய்தது என்று குறிப்பிடுவது கட்டாயமில்லை. வாங்குபவருக்கு அக்குறியீடு ஓரளவு உதவும். சோல் தைத்ததா ஒட்டியதா, மறுபடி சோல் போட முடியுமா என்று கடைக்காரரைக் கேட்டால் மீதியும் தெரிந்துவிடும். ஆம்பூரில் செய்த ஷூவுக்கும் நார்தாம்ப்டனில் செய்த ஷூவுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.